ரத்தத்தில் ஊறியதா, ஏட்டில் ஏறியதா?

குற்றத்துக்குக் காரணம் கூறும் கொள்கைகள் பற்றி ஒரு விமரிசனம்

புதுச்சத்திரத்துத் தேநீர்க் கடை ஒன்றில் ஒரு நாள் காலை நடந்த பேச்சிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். முந்தின இரவு, பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் தாமிரக் கம்பிக்காக நடக்கும் திருட்டு இது. நம் பகுதிக்குப் புதிதன்று. பறிகொடுத்தவர் பெரிய பண்ணைக்காரர் அல்லர். இரண்டு ஏக்கர் மரவள்ளி தண்ணீரின்றி வாடிக்கொண்டிருந்தது. அவருடைய வருத்தம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த இன்னொருவர் சொன்னதுதான் என்னை உறுத்தியது.

"யாருன்னு தேடவே வேண்டியதில்லைங்க. அந்தத் தெருக்காரங்களுக்கு அது ரத்தத்துலயே ஊறுனதுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சயின்ஸ் வாத்தியாரு. சொல்லுங்க சார், ஜீனுன்னு ஒண்ணு இருக்குதல்லங்க?" என்று கேட்டார்.

கடையின் ஓரத்தில் என் மாணவன் ஒருவன் நின்றிருந்தான். அவன் அந்தத் தெருவைச் சேர்ந்தவன். குடித்துக்கொண்டிருந்த டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று நான் ஏதோ மழுப்பலாகச் சொல்லி வைத்தேன். சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி ஒரு கருத்து உலவும்போது, அதற்கு விஞ்ஞானச் சான்று உண்டா என்று கேட்பது நம் அனைவரின் கடமை அல்லவா?

சட்டமாகிய ஒரு கருத்து

"ரத்தத்தில் ஊறியது" என்ற கருத்து தேநீர்க் கடையில் பிறந்ததன்று. 1871ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. அதுவே குற்றப் பரம்பரைச் சட்டம். இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. ஆகவே திருடுவதையே குலத்தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் வாதம். முதலில் வட இந்தியப் பகுதிகளில் அமலான இச்சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924இல் மறுபடியும் தொகுக்கப்பட்டது.

இச்சட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு கூட்டத்தார் தொடர்ந்து குற்றம் செய்பவர்கள் என்று நம்புவதற்குக் காரணம் இருப்பதாக அரசாங்கம் கருதினாலே போதும். அக்கூட்டத்தையே குற்றப் பரம்பரை என்று அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு சரியா, தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும், கைரேகை எடுக்கப்படும், குறித்த நேரத்தில் அவர்கள் அதிகாரியின் முன் ஆஜராக வேண்டும், ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். மதுரைச் சீமையில் இதை மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பிறமலைக் கள்ளர் மீது இது பாய்ந்தபோது, பெருங்காமநல்லூர் மக்கள் பதிவுக்கு இணங்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதற்கு விஞ்ஞானச் சாயம் பூசும் நூல்களும் வந்தன. 1876இல் இத்தாலிய மருத்துவர் லோம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளியை அவனுடைய மண்டையோட்டிலும் தாடையிலும் காதிலும் கண்டுபிடித்துவிடலாம் என்றார். 1892இல் சென்னைப் போலீஸ் அதிகாரி முல்லாலி, இம்மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றிய கையேட்டை வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தலை அகலத்தையும் மூக்கு நீளத்தையும் அளவியால் அளந்து குவித்தார். காவல்துறையினருக்கும் இக்கலையில் வகுப்பு நடத்தினார். 1909இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதி நூலில் நம் பகுதிக் குறவரைப் பற்றி நீண்ட கட்டுரை உண்டு.

இந்த அளவுகளின் கதி என்ன? இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்னும் சிறை மருத்துவர் ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்தார். அதோடு நிற்காமல், சிறைக்கு வெளியே உள்ள மாணவர்கள், படைவீரர்கள் ஆகியோரின் அளவுகளோடு ஒப்பிட்டார். 1913இல் வெளிவந்த முடிவு: லோம்ப்ரோசோ சொன்ன குற்றவாளி உருவம் என்று ஒன்று இல்லவே இல்லை. கோரிங்கே பரம்பரைக் கருத்தை முழுவதும் கைவிட்டவர் அல்லர். ஆயினும் மற்றவர்கள் செய்யத் தவறியதை அவர் செய்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தை வைத்துக்கொள்ளாமல் ஒரு கூட்டத்தை மட்டும் அளப்பது சோதனையே ஆகாது. பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த இந்த விதியை, ஏழு தொகுதி எழுதியவர்கள் மறந்தார்கள்.

உப்பு மூட்டையும் புகைவண்டியும்

ரத்தம் காரணம் அன்று என்றால் வேறு எது? இங்கேதான் சமூகவியல் வருகிறது. குற்றத்தின் வேரை மனிதனின் உடலில் தேடாதே, அவன் வாழும் சமூகத்தின் அமைப்பில் தேடு என்பது அதன் அடிப்படை. பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம், சமூகத்தின் பழைய கட்டுகள் தளர்ந்து புதியவை உருவாகாத காலத்தில் மனிதன் நெறியிழக்கிறான் என்றார். அமெரிக்காவின் ராபர்ட் மெர்ட்டன் 1938இல் அதை விரித்தார்: எல்லாருக்கும் ஒரே இலக்கைக் காட்டி, அதை அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைக்கும் சமூகம், வழி அடைக்கப்பட்டவர்களில் சிலரைக் குறுக்கு வழிக்குத் தள்ளும்.

இக்கொள்கையை நம் ஊர் வரலாற்றில் பொருத்திப் பார்ப்போம். தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் படியுங்கள். முன்பு குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்ட 68 சமூகங்கள் அதில் உள்ளன. சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர் என்று நம் வட்டாரப் பெயர்களாகவே வரும். இஞ்சிக் குறவர், தப்பைக் குறவர் என்ற பெயர்களும் உண்டு. தப்பை என்பது பிளந்த மூங்கில். குற்றப் பட்டியல் என்று வைத்த ஏட்டில் திருட்டைக் குறிக்கும் பெயரையா காண்கிறோம்? உப்பு, இஞ்சி, மூங்கில்! சந்தையில் விற்கும் சரக்குகளின் பெயர்களைத்தான் காண்கிறோம். அவர்களைக் குற்றவாளிகள் என்று குறித்த ஏடே அவர்களுடைய தொழிலுக்கும் சாட்சியாக இருக்கிறது.

கடற்கரையில் உப்பை வாங்கிக் கழுதைகளின் மீதும் மாடுகளின் மீதும் ஏற்றி, வண்டித் தடம் இல்லாத உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றுவது உப்புக் குறவர் தொழில். சத்திரம் என்று முடியும் ஊர்ப்பெயர்களே வழிநடை மக்கள் நிறைந்திருந்த பழைய சாலைகளை நமக்கு நினைவூட்டும். இந்தத் தொழிலுக்கு அடுத்தடுத்து மூன்று அடிகள் விழுந்தன. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரைக்கு ரயில் பாதை போடப்பட்டது. ஒரு கூட்டம் மாதக் கணக்கில் சுமந்த உப்பைச் சில சரக்குப் பெட்டிகள் ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கின. உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்தது, வரியும் ஏறியது. அடுத்து 1876-78 தாது வருஷப் பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் 19½ லட்சத்துக்கு மேல் இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது. மூன்றாவதாக 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், மூங்கில் வெட்டவும் கால்நடை மேய்க்கவும் மலைக்குப் போனவர்களைத் தடுத்தது.

மீனா ராதாகிருஷ்ணா என்ற ஆய்வாளர், சென்னை மாகாணக் குறவர், எருகுலர் பற்றி 2001இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இவ்வரலாற்றை அரசாங்க ஆவணங்களிலிருந்தே எடுத்துக் காட்டியுள்ளார். முன்னோடியான நூல். ரத்தம், பரம்பரை என்று பேசுபவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. இதில் ஒரு முரண்நகையும் உண்டு. பாப்பா ராவ் நாயுடு என்ற ரயில்வே போலீஸ் அதிகாரி 1900ஆம் ஆண்டில் ரயில் திருடர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1905இல் குறவரைப் பற்றியும் எழுதினார். எந்த ரயில் அம்மக்களின் பிழைப்பைப் பறித்ததோ, அதே ரயிலின் காவலர் அவர்களைத் திருடர் என்று நூலில் ஏற்றினார்!

இரக்கத்தில் ஒளிந்த பிழை

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் வாசகர்கள் பலர் திருப்தி அடைவீர்கள். "பாவம், வறுமையால் திருடினார்கள், ரத்தத்தால் அல்ல." கேட்க இதமாக இருக்கிறது. பாடப்புத்தகங்களிலும் மேடைகளிலும் இந்த வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் சுருங்கிப்போகிறது. ஆனால் இந்தச் சுருக்கத்தில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது என்பேன்.

பௌதிக வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1903இல் பிரான்சின் நான்சி நகரப் பேராசிரியர் பிளாண்ட்லோ, என்-கதிர்கள் என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். அலுமினிய முப்பட்டகத்தின் வழியே அவை வளைகின்றன என்று அளந்தும் காட்டினார். வேறு பலரும் கண்டதாக எழுதினர். 1904இல் அமெரிக்க பௌதிக அறிஞர் ராபர்ட் உட் அந்தச் சோதனைச்சாலைக்குச் சென்றார். இருட்டறையில் சோதனை நடந்துகொண்டிருந்தபோது, யாரும் அறியாமல் முப்பட்டகத்தை எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார். அப்படியும் பிளாண்ட்லோ அதே அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்-கதிர்களின் கதை அத்தோடு முடிந்தது.

இதில் நமக்கு உள்ள பாடம் எது? ஒன்றுக்குக் காரணம் தேடுமுன், அது உண்மையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். "குறவர் ஏன் திருடினர்?" என்ற கேள்விக்கு ஒருவர் ரத்தம் என்கிறார், இன்னொருவர் வறுமை என்கிறார். இருவரும் சண்டையிடுவது போலத் தோன்றினாலும், மற்றவர்களைவிட அம்மக்கள் மிகுதியாகத் திருடினார்கள் என்ற ஒன்றை இருவரும் சோதிக்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதற்கு என்ன சான்று? போலீஸ் பதிவேடு. அந்தப் பதிவேட்டை எழுதியவர் யார்? முன்கூட்டியே அவர்கள் மீது மட்டும் கண் வைத்திருந்தவர்.

வறுமைக் கொள்கை இரக்கமுள்ளவர்களின் கையில் மட்டும் இருந்ததன்று என்பதையும் கவனிக்க வேண்டும். "இவர்களுக்கு வெளிப்படையான பிழைப்பு எதுவும் இல்லை, ஆகவே திருடித்தான் பிழைக்க வேண்டும்" என்பது அன்றைய அதிகாரிகளின் வாதமும்தான். பிழைப்பைப் பறித்துவிட்டு, பிழைப்பு இல்லை என்பதையே குற்றத்துக்குச் சான்றாக்கினார்கள். கஞ்சித்தொட்டியை நம்பியோ, கூலி வேலைக்குப் போயோ, கூடை முடைந்தோ, பட்டினி கிடந்தோ உயிர் வாழ்ந்தவர்கள் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. ஏழை திருடித்தான் ஆக வேண்டும் என்பது எந்த விஞ்ஞானத்திலும் இல்லாத விதி.

கருவியே காட்சியை உண்டாக்கினால்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்கு. நேரில் எடுத்த புள்ளிவிவரம் அன்று. ஓர் ஊரில் கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று இரண்டு தெருக்கள். தெருவுக்கு 100 பேர். இரண்டிலும் ஆண்டுக்குச் சரியாக 5 பேர் திருடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காவலருக்குக் கிழக்குத் தெரு மீது ஐயம் அதிகம். பத்து இரவில் எட்டு இரவு அங்கே ரோந்து போகிறார். மேற்கே இரண்டு இரவுதான். போன இடத்தில்தான் பிடிபடுவார்கள் என்பதால், கிழக்கே 4 பேர், மேற்கே 1 ஆள் பிடிபடுகின்றனர். ஆண்டு முடிவில் பதிவேடு என்ன சொல்லும்? "கிழக்குத் தெருவில் திருட்டு நான்கு மடங்கு." அடுத்த ஆண்டு இந்தப் பதிவேட்டைப் பார்த்து ரோந்தை எப்படிப் பிரிப்பார்கள்? மறுபடியும் எட்டுக்கு இரண்டு! நூறு ஆண்டு ஆனாலும் இந்தப் பிழை தானாகத் திருந்தாது. ஒவ்வோர் ஆண்டும் புதிய 'சான்று' சேர்ந்துகொண்டே போகும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மாலையில் ஆஜராகாவிட்டால் அது குற்றம். சீட்டு வாங்காமல் அக்காள் வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்தால் அது குற்றம். மற்றவர் செய்தால் குற்றமாகாத செயலை இவர் செய்தால் குற்றம் என்று வைத்துவிட்டு, தண்டனை பெற்றோர் தொகையை எண்ணிப் பார்த்து, "பார்த்தீர்களா, இவர்கள் திருந்தவே மாட்டார்கள்" என்றார்கள்.

இதைத்தான் சமூகவியலில் முத்திரைக் கொள்கை என்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலார் ஹோவர்டு பெக்கர் 1963இல் எழுதிய நூலில், நெறிபிறழ்வு என்பது செயலில் மட்டும் இல்லை. விதியை வகுப்பவரும் அதை இன்னார் மீது பிரயோகிப்பவரும் சேர்ந்துதான் அதை உருவாக்குகிறார்கள் என்று விளக்கினார். இதற்கு முன்பே மெர்ட்டன் 1948இல், தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் ஆரூடம் என்பதைப் பற்றி எழுதினார். ஒரு வங்கி திவாலாகப் போகிறது என்று பொய்யாக வதந்தி பரவினால், அதை நம்பி எல்லாரும் பணத்தை எடுக்க, வங்கி மெய்யாகவே திவாலாகிவிடும். திருடன் என்று முத்திரை குத்தப்பட்டவனுக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். வேலை கிடைக்காதவர்களில் ஒருவன் வழிதவறினாலும், ஆரூடம் பலித்ததாகிவிடும்.

இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். குற்றம் எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி நிரல்கள் சில நாடுகளில் புழக்கத்துக்கு வந்தன. 2016இல் கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் என்ற இருவர், அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரப் போதைப்பொருள் வழக்குப் பதிவுகளை அத்தகைய நிரல் ஒன்றில் இட்டுச் சோதித்தனர். போதைப்பழக்கம் நகரெங்கும் பரவியிருப்பதாக வேறு கணக்கெடுப்புகள் காட்டின. நிரலோ, போலீசார் ஏற்கனவே அடிக்கடி போய்வந்த ஏழைப் பகுதிகளையே திரும்பத் திரும்பச் சுட்டியது. முல்லாலியின் கையேடு கணினிக்குள் புகுந்துகொண்டது எனலாம்.

எண்ணப்படாதவர்கள்

ரோந்து போகாத மேற்குத் தெருவை மறந்துவிடக் கூடாது. அங்கே யார் இருக்கிறார்கள்? எட்வின் சதர்லண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 70 பெரிய கம்பெனிகளின் வரலாற்றை எடுத்து, நீதிமன்றங்களும் அரசு ஆணையங்களும் அவற்றுக்கு எதிராக வழங்கிய தீர்ப்புகளை எண்ணினார். 1949இல் அவர் வெளியிட்ட கணக்கு: மொத்தம் 980 தீர்ப்புகள், சராசரியாகக் கம்பெனிக்கு 14. விளம்பரப் பொய், காப்புரிமை மீறல், தொழிலாளர் சட்ட மீறல் முதலியவை இதில் அடங்கும். ஏழ்மைதான் குற்றத்துக்குக் காரணம் என்றால் இவர்கள் எந்த ஏழ்மையால் செய்தார்கள்? குற்றமும் மற்றத் தொழிலைப்போல் பழகியவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுவதே என்றார் அவர்.

14 தடவை தண்டிக்கப்பட்டவன் ஒரு தெருவில் இருந்தால் அத்தெருவையே குற்றப் பரம்பரை என்கிறோம். கம்பெனி நிர்வாகிகளின் மூக்கை அளந்து பார்க்க எந்தத் தர்ஸ்டனும் வரவில்லை. நம்மூரில் சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய ரத்தத்தைப் பற்றி யாராவது பேசிக் கேட்டதுண்டா? அவர் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். அவருடைய சாதியாரின் வீடுகளில் போய்த் தேட மாட்டார்கள். இந்த வேறுபாடு ஒன்றே போதும், நம் அளவுகோல் எப்பக்கம் வளைந்திருக்கிறது என்பதைக் காட்ட.

வாயுவும் மனிதனும்

இனி, சமூகவியலையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது முறை. வறுமையும் நெறியிழப்பும் முத்திரையும் காரணங்கள் என்றால், அதே தெருவில், அதே வறுமையில், அதே முத்திரையோடு வாழும் மிகப் பெரும்பாலோர் ஏன் திருடவில்லை? ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் ஏன் வேறு வேறு ஆனார்கள்? இக்கேள்விக்கு இக்கொள்கைகள் எதுவும் நேரான விடை தருவதில்லை. எது நடந்தாலும் நடந்த பிறகு பொருத்திக் காட்டக்கூடிய கொள்கையை நாம் அவ்வளவாக மதிப்பதில்லை.

இந்தக் குறை எவ்வளவு பெரிது என்பதை அறிய ஓர் உவமை உதவும். சமூகத்தை எண்களால் ஆராயத் தொடங்கியவர்களில் முன்னோடி குவெட்லே, பெல்ஜியத்து வானநூல் அறிஞர். பிரான்சின் குற்றப் பதிவுகளை ஆராய்ந்த அவர், தனித்தனி மனிதர் மனம்போனபடி நடந்தாலும் மொத்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாமல் இருப்பதைக் கண்டு வியந்தார். 1835இல் அதை நூலாக்கினார். தம் முறைக்கு அவர் வைத்த பெயரே சமூக பௌதிகம். வாயு மூலக்கூறுகளின் வேகங்களைப் பற்றி மாக்ஸ்வெல் எழுதியபோது, குவெட்லேயின் புள்ளியியல் முறை அவருக்குத் தூண்டுதலாக இருந்தது என்று விஞ்ஞான வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். ஒரு பாத்திரத்து வாயுவின் வெப்பநிலையைச் சொன்னால் மூலக்கூறுகளின் சராசரி ஆற்றலைச் சொல்லிவிடலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு இந்த நொடியில் என்ன வேகத்தில் போகிறது என்று சொல்ல முடியாது. சமூகவியலும் அப்படியே. அது வீதங்களை விளக்கும், ஆட்களை விளக்காது. ஒரு பகுதியில் குற்றம் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று சொல்லும். நேற்றிரவு கேபிளை அறுத்தவன் யார் என்று சொல்லாது. அதைச் சொல்லக் கைரேகை, சாட்சி, பழைய இரும்புக் கடை விசாரணை என்ற வேறு வழிகள் உண்டு. வீதத்தை எடுத்து ஆளின் மீது ஒட்டுவதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்த அடிப்படைத் தவறு. அதே தவறைச் சமூகவியலின் பெயராலும் செய்ய முடியும். "அவன் ஏழை, ஆகவே சந்தேகத்துக்குரியவன்" என்பது "அவன் குறவன், ஆகவே சந்தேகத்துக்குரியவன்" என்பதைவிட எவ்விதத்தில் மேலானது?

உவமை ஓரிடத்தில் முறிகிறது. மூலக்கூறுக்குத் தன் வெப்பநிலை தெரியாது. மனிதனுக்கோ தன்னைப் பற்றி ஊர் சொல்வது காதில் விழுகிறது. பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போன மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே மனிதரைப் பற்றிக் கொள்கை பேசுபவருக்குப் பௌதிகம் பேசுபவரைவிட இரட்டிப்புப் பொறுப்பு உண்டு.

சமூகவியலின் பக்கம் ஒரு வலுவான சான்றையும் சொல்லிவிட வேண்டும். ஷா, மக்கே என்ற இருவர் சிகாகோ நகரச் சிறுவர் குற்றங்களைப் பல்லாண்டுகள் தொகுத்து 1942இல் வெளியிட்டனர். நகரின் சில பகுதிகளில் குற்றவீதம் எப்போதும் அதிகம். ஆனால் அப்பகுதிகளில் குடியிருந்த இனத்தார் மாறிக்கொண்டே இருந்தனர். ஓர் இனம் வசதி பெற்று வேறு பகுதிக்குக் குடிபோனால் அதன் வீதம் குறைந்தது. புதிதாக வந்த இனத்தின் வீதம் உயர்ந்தது. ரத்தம் காரணமாக இருந்தால் அது குடிபோனவர்களோடு கூடவே போயிருக்க வேண்டும் அல்லவா? இவர்களும் நீதிமன்றப் பதிவுகளையே நம்பினார்கள் என்பதால் முந்திய பகுதியில் கேட்ட கேள்வி இங்கும் பொருந்தும். ஆயினும் ரத்தக் கொள்கைக்கு இச்சான்று சாவுமணி அடிக்கிறது.

சட்டம் போயிற்று, முத்திரை?

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அந்த மந்திரிசபையில் உள்துறையையும் போலீசையும் கவனித்தவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து டாக்டர் ப. சுப்பராயன். இந்தியா முழுவதிலும் 1952 ஆகஸ்ட் 31 அன்று அச்சட்டம் மறைந்தது. விடுவிக்கப்பட்ட மக்கள் அந்நாளையே விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். நாட்டுக்கு விடுதலை கிடைத்து ஐந்தாண்டு கழித்துக் கிடைத்த விடுதலை அது. ஆனால் 1948இலேயே சென்னையில் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சட்டப்படி இது தனி ஆளைப் பற்றியது, கூட்டத்தைப் பற்றியதன்று. அந்த வகையில் முன்னேற்றமே. எனினும் தனி ஆட்களின் பெயர்களைப் பழைய பதிவேட்டைப் புரட்டித் தேர்ந்தால் பழைய கணக்குத்தான் திரும்ப வரும். இவ்வகைச் சட்டங்களை நீக்கலாம் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2000ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பதையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள் போலக் குறிப்பிடும் சிறை விதிகளையும் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று அடித்துத் தள்ளியது. சட்டம் மறைந்து 72 ஆண்டுகள் கழித்தும் அதன் சொற்கள் சிறைக் கையேடுகளில் உயிரோடு இருந்தன என்பதற்கு இதுவே சான்று. ஏட்டிலிருந்து நீக்கவே இவ்வளவு காலம் ஆகியிருந்தால், தேநீர்க் கடையிலிருந்து நீக்க எவ்வளவு காலம் ஆகும்?

ஆகவே, அன்று என்னைக் கேட்டவருக்கு என் பதில் இது. ஜீன் என்று ஒன்று இருக்கிறது, ஐயா. ஆனால் அது சாதிச் சான்றிதழைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஒரு தெருவுக்குத் திருட்டைப் பரம்பரையாகக் கொடுக்கும் ஜீனை எவரும் கண்டதில்லை. வறுமையைச் சொன்னால் பாதி உண்மை; அதையும் ஆளின் மீது ஒட்டினால் பொய். உங்கள் கேபிளை மீட்க வேண்டுமானால், தெருவைத் தேடாமல் தாமிரத்தைத் தேடச் சொல்லுங்கள். அறுத்தவன் எவனாயினும் கம்பியை யாரிடமாவது விற்றாக வேண்டும். வாங்கியவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று இதுவரை யாராவது கேட்டோமா?

கேபிளை எடுத்தவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அந்த மாணவனின் தந்தை இரண்டு நாள் விசாரணைக்குப் போய்வந்தார். அவன் அந்த வாரம் செய்முறை வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வாரம் வந்தான். வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்து, முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "சுழிப்பிழை பார்க்கோணுங்க சார். ரெண்டு தாடைக்கும் நடுவுல ஒண்ணுமே வெக்காதப்பவே அளவு காட்டுதான்னு பார்க்கோணும்" என்றான்.

வாசகர்களே, மனிதரை அளக்கப் புறப்படும் முன்பும் நாம் பார்க்க வேண்டியது அதுதான்.